சாப்பிட்டாச்சு

கோகிலவாணியின் கருவிக்கு ஆராய்ச்சி நிலையம் வைத்த பெயரைச் சொல்லி முடிக்க இரண்டு தடவை மூச்சு வாங்கவேண்டும். கோயமுத்தூர் ஜனங்கள் அந்தச் சிரமத்தை வைத்துக்கொள்ளாமல் ‘பட்டாணி’ என்று சொல்லிவிட்டார்கள். அளவும் அதுதான். காறை எலும்புக்குக் கீழே தோலைக் கொஞ்சம் கீறி உள்ளே வைத்துத் தைத்துவிட்டால் வைத்த ஞாபகமே இருக்காது. கல்யாண வீடுகளில் ஒருவரையொருவர் "பட்டாணி வெச்சாச்சுங்களா?" என்று விசாரிக்கும் அளவுக்கு அது பரவியிருந்தது.

அது செய்த வேலை இதுதான். சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் சர்க்கரை ஏறும். ஒவ்வொரு ஏற்றமும் ரத்தக் குழாயின் உட்சுவரைக் கொஞ்சம் கீறிவிட்டுப் போகும். இட்லிக்கு ஒரு கீறல், பொங்கலுக்கு அதைவிடப் பெரிய கீறல். பல வருஷத்துக் கீறல்கள் சேர்ந்து ஒரு நாள் மனிதனை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார வைக்கும். கோகிலவாணியின் அப்பா அப்படித்தான் மதியச் சாப்பாட்டுக்குப் பின் வெற்றிலையை மென்றுகொண்டிருக்கும்போதே போய்ச் சேர்ந்தார். அவள் அப்போது மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். சர்க்கரை ஏறிய பிறகு மருந்து கொடுத்துப் பிரயோசனமில்லை, ஏறுவதற்கு முன்பே உள்ளே போயிருக்கவேண்டும் என்பது அப்போது அவள் தலைக்குள் புகுந்தது. அப்புறம் வேறு எதுவும் புக அவள் இடம் கொடுக்கவில்லை, கல்யாணம் உட்பட.

மனிதன் எப்போது சாப்பிடுகிறான் என்று கருவிக்கு எப்படித் தெரியும்? முதலில் தாடை அசைவைக் கவனிக்க வைத்துப் பார்த்தார்கள். வெற்றிலை போடுகிறவர்களும் ஓயாமல் பேசுகிறவர்களும் அதை எளிதாக ஏமாற்றினார்கள். கடைசியில் பட்டாணிக்குக் காது வைத்தார்கள். நம் ஊரில் ஒருவன் எப்போது சாப்பிடுகிறான், சாப்பிட்டு முடித்தான் என்பதெல்லாம் ரகசியமா என்ன? நாள் முழுக்க அந்தப் பேச்சுத்தானே. "பசிக்குது" என்றோ "சாப்பிடு" என்றோ காதில் விழுந்தால் பட்டாணி மருந்தைத் தயார் செய்யும். "சாப்பிட்டாச்சு" என்று அதை வைத்திருப்பவரே சொல்லக் கேட்டால் முழு அளவையும் ரத்தத்தில் விடும்.

அந்தச் சொல்லைப் பட்டியலில் முதலிடத்தில் வைத்தது கோகிலவாணிதான். "ஒருத்தர் வாயால சாப்பிட்டாச்சுன்னு சொல்லிட்டா சோறு வயித்துல இருக்குன்னு அர்த்தம். ரத்தத்துக்கு இன்னும் வரல. அந்தக் கொஞ்ச நேரந்தான் நமக்கு வேணும்" என்று கூட்டத்தில் அவள் விளக்கினாள். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அறையில் இருந்த அத்தனை பேரும் தமிழ் பேசி வளர்ந்தவர்கள் என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன்.

சோதனைக்காக ஆட்களை நிலையத்திலேயே தங்க வைத்து, மணி அடித்துச் சோறு போட்டார்கள். பட்டாணி பிரமாதமாக வேலை செய்தது. மாரடைப்பு பாதியாகக் குறைந்தது. பத்திரிகைகள் கோகிலவாணியைப் படம் பிடித்துப் போட்டன. பிறகு பட்டாணி ஊருக்குள் போனது. சில மாதங்களில் ஆட்கள் விழ ஆரம்பித்தார்கள்.

"மறுபடியும் ஒண்ணு, டாக்டர்" என்று இம்தியாஸ் வந்து நின்றான். பட்டாணிக்குக் காது செய்து கொடுத்த பொறியாளன் அவன்தான். சிரித்த முகக்காரன், அன்று சிரிக்கவில்லை. "சென்னியப்பன்னு பேரு. சோமனூர்ப் பக்கம் தறிக் குடோன்ல சூப்பர்வைசர். மத்தியானம் தறிக்குப் பக்கத்துலயே விழுந்திருக்கார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு. இதுவரைக்கும் மயக்கத்தோட போச்சு. இதான் முதல் சாவு."

"பட்டாணி கெட்டுப் போயிருந்ததா?"

"இல்ல. சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு. அதான் எனக்குப் பயமா இருக்கு. சாப்பிட்டாச்சுன்னு அவர் சொல்லியிருக்கார், மருந்து போயிருக்கு. ஆனா சர்க்கரை ஏறவே இல்ல. இறங்கிக்கிட்டே போயிருக்கு. ஏற்கெனவே பலவீனமான இதயம், தாளம் தப்பி நின்னுடுச்சு. விட்ட மருந்தைத் திரும்ப எடுக்க பட்டாணியால முடியாதே."

"சாப்பிட்ட சோறு எங்கே போச்சு, இம்தியாஸ்?"

"அதைத்தான் உங்ககிட்டக் கேக்க வந்தேன்."

சிலருக்குச் சோறு வயிற்றிலிருந்து மெதுவாகத்தான் இறங்கும், அதனால் சர்க்கரை தாமதமாக வருகிறது என்று கோகிலவாணி ஒரு முடிவுக்கு வந்தாள். படித்தவர்களுக்கு எப்போதும் கைவசம் ஒரு காரணம் இருக்கும். நிலையத்தின் இயக்குநரிடம் அதைவிட வசதியான காரணம் இருந்தது. இதயநோய் உள்ளவர்கள் இதயத்தால் சாவது புதிதில்லை என்றார் அவர்.

அவளுக்கு அது ஒப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் நிலையத்தில் உட்கார்ந்து, விழுந்தவர்களின் பதிவுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். காபியைத் தவிர உள்ளே எதுவும் போகவில்லை. மதியம் தாண்டிய பிறகு தலை வலித்தது. அவிநாசியில் அண்ணன் வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் படுத்திருக்கலாம் என்று கிளம்பினாள்.

அண்ணன் ஊரில் இல்லை. அண்ணி பூங்கொடி அப்போதுதான் காலையில் புழங்கிய பாத்திரங்களைத் துலக்கிக் கவிழ்த்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"வா, கோகிலா. முகமே வாடிக் கெடக்குது. சாப்டியா?"

"சாப்டாச்சு, அண்ணி. வர்ற வழியிலயே முடிச்சுட்டேன். நீங்க?"

"ஆச்சு, ஆச்சு. அப்பவே ஆச்சு."

இருவரும் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, ஹாஸ்டலில் இருக்கும் அண்ணன் மகளின் படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கோகிலவாணிக்கு நெற்றியில் வியர்த்தது. கை நடுங்கியது. அண்ணியின் முகம் தூரத்தில் போய் நின்றது. அப்பாவின் இதயம் அவளுக்கும் வாய்த்திருந்ததால் அவள் தோலுக்குள்ளும் ஒரு பட்டாணி இருந்தது. அது இதுவரை அவளை ஒன்றும் செய்ததில்லை. குடியிருப்பில் அவள் தனியாக இருந்தாள். சாப்பிட்டாயா என்று அங்கே அவளைக் கேட்பதற்கு ஆளில்லை.

"அண்ணி, சர்க்கரை" என்றாள். அதற்கு மேல் நாக்கு புரளவில்லை.

பூங்கொடி பதறிப்போய் டப்பாவோடு நாட்டுச் சர்க்கரையைக் கொண்டு வந்து வாயில் போட்டாள். தண்ணீரைக் குடிக்க வைத்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டாள். நடுக்கம் அடங்கப் பத்து நிமிஷமாவது ஆகியிருக்கும்.

"நீ நெசமாலுமே சாப்டியா?"

"இல்ல, அண்ணி."

"அப்புறம் எதுக்குடி சாப்டேன்னு சொன்னே?"

"நீங்க பாத்திரமெல்லாம் கழுவிக் கவுத்துட்டீங்க. இடுப்பைப் புடிச்சுக்கிட்டு நின்னீங்க. மறுபடியும் எதுக்கு அடுப்படிக்குப் போகணும்னு..."

பூங்கொடி அவளையே பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "நானுந்தான் இன்னும் சாப்புடல. ஒருத்திக்குன்னு எதுக்கு ஆக்கறதுன்னு விட்டுட்டேன். நீ கேட்டதும் வாயில தானா வருது, ஆச்சு, ஆச்சுன்னு."

கோகிலவாணி சிரிக்கவில்லை. சென்னியப்பன் சாப்பிட்ட சோறு எங்கே போயிற்று என்று அவளுக்கு இப்போது தெரிந்துவிட்டது. அவள் போனை எடுத்து இம்தியாஸைக் கூப்பிட்டாள்.

"எல்லாப் பட்டாணியோட காதையும் இப்பவே மூடு. காரணம் அப்புறம் சொல்றேன்."

மறுநாள் காரணத்தைக் கேட்டுவிட்டு இம்தியாஸ் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான். "எங்க வீட்ல வாப்பா கடையிலிருந்து வர லேட்டாகும்னு உம்மாவுக்குப் போன் பண்ணுவார். சாப்பிட்டியான்னு கேப்பார். சாப்பிட்டாச்சுன்னு சொல்லிட்டு உம்மா அவர் வர்ற வரைக்கும் காத்திருப்பாங்க. சின்ன வயசுலேர்ந்து பாத்துக்கிட்டிருக்கேன், டாக்டர். ஒரு தடவைகூட எனக்குத் தோணல."

"யாருக்குந்தான் தோணல. நமக்கெல்லாம் அது பொய்யின்னே தெரியாதே."

சென்னியப்பனின் பதிவை அவர்கள் மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். சாப்பாட்டைப் பற்றிய வார்த்தைகளை மட்டும் பட்டாணி சேமித்து வைக்கும். மதிய நேரத்தில் போனில் ஒரு பெண் குரல் "சாப்டீங்ளா?" என்று கேட்கிறது. தறிச் சத்தத்துக்கு நடுவில் அவர் "சாப்டாச்சு, சாப்டாச்சு, நீ சாப்புடு" என்கிறார். அவ்வளவுதான்.

இம்தியாஸ் ஒரு வழி கண்டுபிடித்தான். மனிதன் மரியாதைக்குப் பொய் சொன்னாலும் நாடி ஒரு துளி தடுமாறும். சாப்பாட்டைப் பற்றிப் பேசும்போது மட்டும் பட்டாணி நாடியையும் சேர்த்துக் கவனிக்கட்டும். தடுமாறினால் மருந்தை விடாமல் நிறுத்திக்கொள்ளட்டும்.

"நிறுத்தினா மட்டும் போதாது" என்றாள் கோகிலவாணி. "ஒரு சத்தம் வை. பக்கத்துல இருக்கறவங்களுக்கும் கேக்கணும். பசியோட இருக்கறாங்கன்னு தெரிஞ்சா யாராவது சோறு போடுவாங்க."

"வைக்கலாம். ஆனா ஒரு சிக்கல் இருக்கு, டாக்டர். நான் சாப்பிட்டேன்னு சொன்னா யார் சாப்பிட்டதுன்னு கருவிக்குப் புரியும். சாப்பிட்டாச்சுன்னா யாரு? நானா, நீங்களா, அவரா? அந்தச் சொல்லுக்குள்ள ஆளே இல்லையே. யாரைப் பத்திச் சொன்னாலும் அது சத்தம் போடும்."

"அதைப் பின்னாடி சரி பண்ணிக்கலாம். முதல்ல சத்தத்தை வை."

புதிய பட்டாணியை முதலில் நிலையத்து ஆட்களுக்கே போட்டுப் பார்த்தார்கள். சத்தம் குருவிக்குஞ்சு கீச்சிடுவது போல இருந்தது. முதல் நாள் பெரிய கேலிக்கூத்தாகிவிட்டது. காலையில் இயக்குநர், தன் வீட்டில் சாப்பிட்டு வந்ததாகச் சொன்னபோது கீச்சிட்டது. அவருக்கும் மனைவிக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பது அதன் வழியாக ஊருக்கே தெரிந்தது. கணக்குப் பிரிவில் புதிதாகக் கல்யாணமான பெண் மாமியாரிடம் போனில் பேசும்போதெல்லாம் கீச்சிட்டது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். யாராவது ஒரு டப்பாவைத் திறந்து நீட்டினார்கள். இரண்டு வாரம் போனதும் கோகிலவாணி ஒன்றைக் கவனித்தாள். நிலையத்தில் யாரும் யாரையும் சாப்பிட்டீர்களா என்று கேட்பதில்லை. கேட்டால்தானே வம்பு? வணக்கம் சொல்லிவிட்டு அவரவர் இடத்துக்குப் போனார்கள். மருந்து யாருக்கும் தப்பாகப் போகவில்லை, அறிக்கையில் அதை வெற்றி என்று எழுதினார்கள்.

சென்னியப்பன் சாவைப் பற்றி அறிக்கையில் ஒரு வரி இருந்தது. பலவீனமான இதயம் என்று இயக்குநர் எழுதியிருந்தார். அந்த வீட்டுக்கு நேரில் போய் உண்மையைச் சொல்லப்போவதாகக் கோகிலவாணி சொன்னாள்.

"சொல்லி என்ன ஆகப்போகுது? கருமாதியெல்லாம் முடிஞ்சு அந்தம்மா இப்பத்தான் கொஞ்சம் தேறியிருக்கும்" என்றார் இயக்குநர்.

"அவரு எதனால செத்தாருன்னு அவங்களுக்குத் தெரியணும், சார். நான் செஞ்ச கருவி."

தறிச் சத்தம் விடாமல் கேட்கும் தெருவில் வரிசை வீடுகளில் ஒன்று அது. சென்னியப்பனின் மனைவி ருக்குமணி வாசலிலேயே நின்றிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். வெறும் நெற்றி. டாக்டர் வருகிறார் என்று போனில் தெரிந்திருந்ததால் நல்ல சேலையாகக் கட்டியிருந்தாள்.

"வாங்க, வாங்க. வெயில்ல வந்திருக்கீங்க. உக்காருங்க. ஏனுங், சாப்டீங்ளா?"

"சாப்டாச்சுங்க."

கீச்.

ருக்குமணி சுற்றும் முற்றும் பார்த்தாள். "அதென்னங்க சத்தம்?"

கோகிலவாணிக்கு வேறு வழியில்லை. தோளுக்குக் கீழே தொட்டுக் காட்டி, இது பட்டாணி, சாப்பிடாமல் சாப்பிட்டாச்சு என்று சொன்னால் கத்தும் என்று விளக்கினாள். ருக்குமணி கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து ரொம்ப நாளாகியிருக்கவேண்டும், அவளுக்கே அது கூச்சமாக இருந்தது.

"அதெல்லாம் ஒரு பேச்சுக்குச் சொல்றதுதானுங்களே. அதைப் போயி பொய்யின்னா ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் எங்கீங்க போறது? இருங்க, அரிசிம்பருப்பு சாதம் சூடா இருக்குது."

தட்டை வைத்து, பாத்திரத்தோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். கோகிலவாணி தட்டின் மேல் கையை நீட்டித் தடுத்தாள்.

"சோறு போடறதுக்கு முன்னால நான் சொல்ல வந்ததைச் சொல்லிடறனுங்க. கேட்டுட்டு, போடறதா வேண்டாமான்னு நீங்க முடிவு பண்ணுங்க."

சொன்னாள். மாரடைப்பு என்று ஆஸ்பத்திரியில் சொன்னது பாதி உண்மைதான் என்றாள். அவருக்கு வைத்த பட்டாணிக்குப் பொய்யும் மெய்யும் தெரியாது, சாப்பிட்டாச்சு என்று அவர் சொன்னதை நம்பி மருந்தை விட்டுவிட்டது, அதைச் செய்தது நான்தான் என்றாள். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று வழி முழுக்க வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தாள். ஒன்றும் வாயில் வரவில்லை.

ருக்குமணி கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டாள். வெளியே தறிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"உங்க மிஷினுக்கு எங்கூட்டுப் பேச்சு என்னத்துக்குங்க தெரியோணும்?"

தட்டின் மேல் வைத்த கையைக் கோகிலவாணி எடுக்கவில்லை.

"போன்ல கேட்டது நாந்தானுங்களே" என்றாள் ருக்குமணி. "தெனமும் கேக்கறதுதான். தறி நின்னுபோச்சுன்னா அதைப் பாத்துட்டே நிப்பாரு. சாப்புடலீன்னு சொன்னா நான் வைவேன். அதுக்குப் பயந்துட்டுச் சொல்லுவாரு. நான் கேக்காம இருந்திருந்தா..."

"அப்படி நெனைக்காதீங்க. தப்பு உங்க மேல இல்லீங்க."

"இல்லீங்க, நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீங்க படிச்சவங்க, பதிவெல்லாம் பாத்திருக்கீங்க. ஒருவேளை அன்னைக்கு அவரு நெசமாவே சாப்டிருந்து, மிஷினுதான் கெட்டுப்போயிருந்தா? அப்படி இருக்காதுங்களா? பசியோட போயிருக்க மாட்டாருங்களே? சொல்லுங்க. அவரு சாப்டாருங்களா?"

உண்மையைச் சொல்லத்தான் அவள் அத்தனை தூரம் வந்திருந்தாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு அதைச் சொல்ல அவளால் முடியவில்லை. கருவி கெட்டுப்போயிருந்தது என்றே இருக்கட்டும், பழி முழுக்கத் தன் மேலேயே வரட்டும் என்று நினைத்தாள்.

"ஆமாங்க" என்றாள். "அவரு சாப்டாச்சுங்க."

கீச்.

கோகிலவாணி சட்டென்று மற்றொரு கையால் காறை எலும்பை அழுத்திக்கொண்டாள். ருக்குமணி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் வரும், எழுந்து போகச் சொல்வாள் என்று கோகிலவாணி காத்திருந்தாள்.

"எனக்குத் தெரியுமுங்க" என்றாள் ருக்குமணி. "அவரு தூக்குப்போசியைக் கொண்டாந்து குடுத்தாங்க. நாந்தான் தொறந்து பாத்தேன். காலையில நான் போட்ட சோறு அப்படியே இருந்துச்சு."

"அப்புறம் எதுக்குங்க என்கிட்டக் கேட்டீங்க?"

"சாப்டாருன்னு யாராச்சும் ஒருத்தரு சொல்லிக் காதுல கேக்கோணும்னு இருந்துச்சுங்க. நீங்களும் சொன்னீங்க. அதுக்குள்ள இது கத்திப்போடுச்சு."

அவள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கரண்டியை எடுத்தாள். கோகிலவாணியின் கையைத் தட்டிலிருந்து நகர்த்திவிட்டு, சோற்றைப் போட்டு, நெய்யை ஊற்றினாள்.

"சாப்புடுங்க" என்றாள்.

அந்தச் சொல் காதில் விழுந்ததும் தோலுக்குள் பட்டாணி மருந்தைத் தயார் செய்தது. கோகிலவாணி சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தாள். இந்தத் தடவை அது சரியாகத்தான் வேலை செய்தது.